மழைக்கும் வெயிலுக்கும் நடுவே வேதாரண்யம் உப்புச் சதுப்பு

வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரை முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனையில் தொடங்கி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வரை, பாக் நீரிணையை ஒட்டி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கடலுக்கும் அதற்கும் இடையே தாழ்வான மணல்மேடு. வடக்கே காவிரிப் பாசனத்தின் கடைமடை வயல்கள். மழைக்காலத்தில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. மே மாதத்தில் பார்த்தால் வெடித்த களிமண்ணும் அதன்மேல் வெள்ளை வெளேரென்று பூத்த உப்பும்தான்.

உப்பேரி என்றால் பொதுவாக உள்நாட்டில், வெளியேற வழியில்லாத பள்ளத்தில் நீர் தேங்கி வற்றி உருவாவதையே சொல்வார்கள். ராஜஸ்தானின் சாம்பர் ஏரியும் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியும் அப்படிப்பட்டவை. வேதாரண்யத்துக்கு உப்பைத் தருவது கடல். ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் கடலோடு அதற்கு உள்ள தொடர்பு சில குறுகிய கழிகளோடு சரி. கோடையில் அவற்றிலும் மணல் அடைத்துக்கொண்டால், சதுப்பு தனித்த பள்ளமாகிவிடுகிறது. அப்போது அதன் போக்கெல்லாம் உள்நாட்டு உப்பேரியின் போக்குதான். எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு நீர் ஆவியானது என்ற இரண்டு கணக்குகளுக்கு நடுவே அதன் உயிர் ஊசலாடுகிறது.

இந்த நிலம் பழமையானதும் அல்ல. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைய கரையைத் தாண்டி உள்ளே நின்றது. பிறகு அது பின்வாங்கப் பின்வாங்க, அலையும் நீரோட்டமும் கொண்டுவந்த மணல் வரிசை வரிசையாக மேடு கட்டியது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை அந்த மணல் வரிசைகள் இன்றும் தெரிகின்றன. ஊரும் தோப்பும் கோடியக்காட்டின் உலர் பசுமைக் காடும் மேடுகளின் மேல் அமைந்தன. மேடுகளுக்குப் பின்னால் சிக்கிய ஆழமற்ற பள்ளம் சதுப்பாயிற்று. கோரையாறு, பாமணியாறு, வளவனாறு, அடப்பாறு என்று காவிரியின் கிளைகளும் வடிகால்களும் கடலை நேரே சென்று சேர முடியாமல் இந்தப் பகுதியில் வந்து விரிந்தன. ஆறுகள் கொண்டுவந்த களிமண் அடியில் படிந்து நீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்து வைத்தது. உள்ளே வந்த நீர் வெளியேற எளிய வழி வானம் ஒன்றுதான்.

நாகப்பட்டினம் கரையில் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. இதே வடகிழக்குப் பருவமழைதான் மதுரைச் சமவெளியிலும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. ஆனால் கண்மாயில் மடை உண்டு, கலுங்கு உண்டு. நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மண்ணிலிருந்து கரைந்து வந்த உப்பும் அந்த நீரோடு கீழே போய்விடும். கோடையில் வற்றினாலும் கண்மாய் நன்னீர் நிலையாகவே இருப்பதற்கு இந்த வெளியேற்றமே காரணம். மேட்டு நிலங்கள் இப்படிக் கழித்துவிடும் உப்பு கடைசியில் சேருமிடம் கடலோரப் பள்ளங்கள். வேதாரண்யச் சதுப்புக்குக் கலுங்கு கிடையாது. வந்த நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

மழை தொடங்கியதும் சதுப்பின் மேற்பரப்பில் நன்னீர் பரவுகிறது. நன்னீர் இலேசானது, உப்பு நீர் கனமானது. காற்று அடித்துக் கலக்கும்வரை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். டிசம்பருக்குள் பல இடங்களில் உப்பளவு கடல்நீரை விடக் குறைந்துவிடுகிறது. மடவை, கெளுத்தி, இறால் குஞ்சுகள் கழிகள் வழியாக உள்ளே வருகின்றன. புழுக்களும் சிறு நத்தைகளும் கொசுவினப் பூச்சிகளின் புழுப்பருவங்களும் சேற்றில் பெருகுகின்றன. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் உள்ளான்களும் கோட்டான்களும் ஆலாக்களும் சரியாக இந்த விருந்துக்கு வந்து சேர்கின்றன.

ஜனவரியிலிருந்து கதை திரும்புகிறது. மழை நின்றுவிடும், வானம் தெளியும், நீர் நாளுக்கு நாள் சுருங்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மார்ச், ஏப்ரலில் தேங்கிய குட்டைகளில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். வெப்பம் ஏறினால் நீரில் ஆக்சிஜன் கரைவது குறையும், உப்பு ஏறினாலும் குறையும். இரண்டும் சேரும்போது மீன்கள் முதலில் சாகின்றன. பாக் நீரிணையில் ஓத ஏற்றம் மிகக் குறைவு. ஆகவே கடல்நீர் உள்ளே வருமா, வராதா என்பதில் நிலவுக்கு உள்ள பங்கு காற்றுக்கும் உண்டு. தெற்கேயிருந்து சோழகக் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் கடல்நீர் கழிகள் வழியாகத் தள்ளப்பட்டு உள்ளே பரவும். காற்று தணிந்ததும் அது அங்கேயே நின்று காயும்.

உப்பு மிகுந்த இந்த நீரில் எதுவும் வாழாது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. அங்கே வாழும் உயிர்வகைகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வாழ்பவை கணக்கில்லாமல் பெருகும், ஏனெனில் போட்டிக்கு ஆள் இல்லை. மீன் இருக்க முடியாத உப்பளவில் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் நிம்மதியாக நீந்துகிறது. முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான். கண்ணாடி போன்ற உடல், மல்லாந்து நீந்தும் பழக்கம், இரு பக்கமும் ஓயாமல் துடிக்கும் இறகு போன்ற கால்கள். அந்தக் கால்களாலேயே மூச்சு விடுகிறது, அவற்றாலேயே பாசித் துகள்களை வடித்துத் தின்கிறது. நிலைமை நன்றாக இருக்கும்போது குஞ்சுகளை உயிருடன் ஈனும். உப்பு எல்லை மீறி ஏறினாலோ, குட்டை வற்றப் போகிறது என்றாலோ, தடித்த ஓடு கொண்ட முட்டைகளை இடும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள அந்தப் பழுப்பு உருண்டைகள் காய்ந்த சேற்றில், சுடு வெயிலில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடுத்த மழை வந்து உப்பு இறங்கினால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உயிரைக் காண்பது அரிது.

இதற்கு மேல் உப்பு ஏறினால் நீரின் நிறமே மாறும். டுனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசியும், உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களும் பெருகி, நீர் இளஞ்சிவப்பாகவும் செங்கல் நிறமாகவும் ஆகும். சிவந்த நீர் வெயிலின் சூட்டை அதிகம் வாங்கி வேகமாக ஆவியாவதால் உப்பளத்துக்கும் இவை நன்மையே செய்கின்றன. பாசியின் நிறமிகள் ஆர்ட்டீமியாவின் உடலில் ஏறி, அதைத் தின்னும் பூநாரையின் இறகைச் சிவக்க வைக்கின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாதி கீழே வரும்படி நீரில் வைத்துக்கொள்ளும். நாக்கு முன்னும் பின்னும் இயங்கி நீரை உறிஞ்சித் தள்ள, அலகின் ஓரத்தில் சீப்புப் பல்லாக வரிசையிட்டிருக்கும் தகடுகளில் இரை தங்கிவிடும். சேற்றில் இரை ஒளிந்திருந்தால் நின்ற இடத்திலேயே வட்டமாகக் காலால் மிதித்துக் கலக்கும். இந்தியாவில் பெரும் பூநாரைகள் பெருமளவில் கூடு கட்டுவது கட்ச் பெரும் ரண்ணில். அங்கே பருவமழை தவறி நீர் நிற்காவிட்டால் அந்த ஆண்டு குஞ்சுகள் குறையும்; அதன் விளைவு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தெற்கே கோடியக்கரையிலும் தெரியும்.

கரையோரத் தாவரங்களும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவே அமைந்தவை. நீர் வடிந்த இடத்தில் முதலில் முளைப்பது உமரி. சதைப்பற்றான இலைகளில் உப்பையும் நீரையும் சேர்த்துவைத்துக் கோடையைக் கடக்கும். வெயில் ஏற ஏறப் பச்சை மாறிச் சிவக்கும். மேற்கு முனையில் ஆற்று நீர் வந்து கலக்கும் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு.

மனிதர்கள் இந்த நிலத்தை நாடி வந்ததும் உப்புக்காகவே. சங்கப் பாடல்களில் உமணர்கள் வண்டி வண்டியாக உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு போகிறார்கள். கடலிலிருந்து வெகு தொலைவில், மேலூரை அடுத்த கிடாரிப்பட்டியில், அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழி கல்வெட்டுகளில் சமணத் துறவிகளுக்குக் கொடை அளித்தவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களில் ஒருவர் உப்பு வணிகர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதுரைச் சீமையில் உப்பு விற்றுப் பொருள் சேர்த்து, கல்லில் பெயர் பொறிக்கும் அளவுக்கு ஒருவர் இருந்தார் என்பது சிறிய செய்தியல்ல. அன்றைய உப்பும் கோடை வெயில் தந்ததுதான். கடற்கரையில் வெயில் காய்ந்த மாதங்களே உள்நாட்டுச் சாலைகளில் வண்டி ஓடக்கூடிய மாதங்களும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. வேதாரண்யம் அதற்குத் தலைவலியான இடம். பாத்தி கட்டி விளைவிக்கும் உப்புக்குக் காவல் போடலாம். ஆனால் இங்கே சதுப்பின் மேல் ஆட்கள் கைவைக்காமலே, வெயில் காய்ந்தால் உப்பு பூத்துவிடும். ஏழைகள் அதை வழித்தெடுத்துப் போவதைத் தடுக்க ஒரு பெரும் நிலப்பரப்பையே காவல் காக்க வேண்டியிருந்தது. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம், அனுமதியின்றி உப்பு எடுப்பதோடு உப்பு மண்ணைச் சுரண்டுவதையும் குற்றமாக்கியது. இயற்கை தானாகச் செய்யும் ஒன்றைக் குற்றப் பொருளாக்கிய சட்டம் அது. மக்களுக்கு அதன் அநீதி விளங்க விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

1930 ஏப்ரல் 13 அன்று, உப்புச் சட்டத்தை மீறுவதற்காக, இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் தேதி காலை அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி இராஜாஜி கைதானார். உள்ளூரில் எல்லா ஏற்பாடுகளையும் தாங்கி நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. இந்தப் போராட்டத்தின் நாட்குறிப்பில் பருவநிலைக்கும் ஓர் இடம் உண்டு. ஏப்ரல் இறுதி என்பது சதுப்பு வற்றி உப்பு தானே படியும் காலம். இதே படை நவம்பரில் வந்திருந்தால் முழங்கால் அளவு மழைநீரைத்தான் கண்டிருக்கும், அள்ள ஒரு பிடி உப்பு இருந்திருக்காது. தண்டியில் ஏப்ரல் 6-ஆம் தேதியையும் இங்கே 30-ஆம் தேதியையும் தேர்ந்ததில் அரசியல் எவ்வளவோ, அவ்வளவுக்குக் கோடையும் துணை நின்றது.

சதுப்பின் நீர்க்கணக்கு பெரிதாக மாறியது அதே பத்தாண்டில்தான். முன்பு குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை காவிரியில் வெள்ளமாக இறங்கி, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கடைமடை தாண்டிச் சதுப்புக்கும் வந்தது. அதாவது சதுப்புக்கு ஆண்டில் இரண்டு முறை நன்னீர் கிடைத்தது: ஆற்று வழியாக ஒரு முறை, நேர் மழையாக ஒரு முறை. கிருஷ்ணராஜ சாகரமும் 1934-இல் மேட்டூர் அணையும் வந்தபின் ஆற்று வெள்ளம் அடக்கப்பட்டது. பின்னர் கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி அணைகளும் சேர்ந்தன. டெல்டா உழவருக்கு அணை அவசியமானது. ஆனால் அதன் விலையைக் கடைசியில் செலுத்தியவற்றில் இந்தச் சதுப்பும் ஒன்று. கோடைக்குப் பிந்தைய நன்னீர் வரத்து மெலிந்ததால், உப்பு மிகுந்து நிற்கும் மாதங்கள் நீண்டன.

முத்துப்பேட்டையில் இதன் விளைவு இன்னொரு தவறோடு சேர்ந்துகொண்டது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அலையாத்தி மரங்களைப் பட்டை பட்டையாக முழுதும் வெட்டி எடுத்தார்கள். நிழல் போன நிலத்தில் வெயில் நேரே விழுந்து மண்ணின் ஈரம் ஆவியானது. களிமண் சுருங்கித் தாழ்ந்து தொட்டி போலப் பள்ளமானது. ஓத நீர் அதில் ஏறி நின்று வடியாமல் காய்ந்தது. ஒவ்வொரு கோடையும் உப்பைக் கூட்ட, அலையாத்தி விதைகூட முளைக்க முடியாத நிலமாயிற்று. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இதன் காரணத்தைக் கண்டு, மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓத நீர் வந்து போக வழி செய்தபின் மரங்கள் மீண்டும் எழுந்தன. சதுப்பின் வரலாற்றில் மனம் நிறைந்து சொல்லக்கூடிய பகுதி இது.

கிழக்குப் பக்கத்தில் உப்பளங்கள் விரிந்தன. அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல், கோடியக்காடு பகுதிகளில் இன்று சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம். சிறு பாத்திக்காரர்களும் இருக்கிறார்கள், பெரிய இரசாயன நிறுவனங்களின் பரந்த அளங்களும் இருக்கின்றன. தொழில் முழுவதும் வானத்தைப் பார்த்தே நடக்கிறது. ஜனவரியில் சேறு வழித்துப் பாத்தி மிதித்துச் சீராக்குவார்கள். நீரின் அடர்த்தியை மானி கொண்டு டிகிரி கணக்கில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரிக்குச் சற்று மேல். பாத்திக்குப் பாத்தி மாறி ஏறுகையில் இடையில் ஜிப்சம் படியும். 25 டிகிரி அளவில் உப்புக் கல் கட்டத் தொடங்கும். 29, 30-ஐ நெருங்கும்போது மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லையேல் மக்னீசியம் சேர்ந்து உப்பு கெடும். நல்ல வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் விளைச்சல். மே மாதத்தில் ஒரு மணி நேரக் கோடை மழை பெய்தால், பக்குவத்துக்கு வந்த பாத்தி முழுவதும் கரைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உழவருக்கு வரமான மழை இங்கே நட்டம். இரண்டு தொழில்களும் ஒரே ஊரில் வரப்புக்கு வரப்பு கிடக்கின்றன. அக்டோபரில் மழை பிடித்ததும் அளத்தில் வேலை நின்றுவிடும். வேலையற்ற அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவி என்ற தமிழ்நாட்டு அரசின் திட்டம் அண்மை ஆண்டுகளில்தான் வந்தது.

உப்பளம் பறவைக்கு முற்றிலும் பகை என்று சொல்லிவிட முடியாது. ஆழமற்ற முதல்நிலைத் தேக்கங்களில் உள்ளான்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். சிக்கல், கரை கட்டியதில் இருக்கிறது. மழைநீரும் ஓத நீரும் சதுப்பில் பரவிய பழைய பாதைகளை அளத்தின் கரைகள் அறுத்தன. செறிந்த உப்பு நீரும் கசப்பு நீரும் சுற்றுப்புறத்தில் கலந்தன. முன்பு மழையில் உப்பு இறங்கி வெயிலில் ஏறிய இடங்களில் இப்போது பல ஆண்டுகளாக ஏறிய நிலையே நீடிக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலி 1962-இல் இந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்னார். 1967-இல் கோடியக்கரை வனவிலங்கு சரணாலயமாயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டுக் கணக்கெடுத்து வருகிறார்கள். சேற்று உயிர்கள் குறைந்ததும், வலசைப் பறவைகளின் கூட்டங்கள் பழைய அளவுக்குச் சேராததும் அந்தக் கணக்கில் வெளிப்பட்டன. 2002 ஆகஸ்டில் 38,500 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம் இதுதான்.

ஆண்டுதோறும் வரும் இந்தச் சுழற்சியை ஒரே இரவில் புரட்டிப்போடுவது புயல். 1952-லும் 1977-லும் நாகப்பட்டினம் கரையைத் தாக்கிய புயல்களை முதியோர் இன்றும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் கோடியக்காட்டு மரங்கள் சாய்ந்தன. வெளிமான்களும் பறவைகளும் மடிந்தன. கடல் சேற்றை வாரி எடுத்து வந்து அளங்களின் மேல் அப்பியது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போனது. மெல்லிய மணல்மேட்டைப் புயலலை உடைக்கும் இடத்தில் புதிய கழி திறக்கும், பழைய கழி தூர்ந்துபோகும். அதன்பின் எந்தக் குட்டை எவ்வளவு உப்பேறும் என்பதே மாறிவிடும்.

மழையும் முன்போல் நிலையாக இல்லை. 2015-இல் வடகிழக்குப் பருவமழை அளவு மீறிப் பெய்தது. அடுத்த 2016-இல் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. நீர் மிகுந்தால் சதுப்பு ஆழமாகி, குட்டைக் கால் பறவைகள் நிற்க இடமில்லாமல் வேறிடம் தேடும். குறைந்தால் பிப்ரவரிக்குள்ளேயே காய்ந்து, பறவைகள் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பைச் சேர்க்கும் முன் இரை தீர்ந்துவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென்று நீர் பெருகுவதிலும் ஆபத்து உண்டு. சாம்பர் ஏரியில் 2019 நவம்பரில் சுமார் 18,000 பறவைகள் இறந்தன. பல ஆண்டு வறட்சிக்குப் பின் நல்ல மழையில் ஏரி நிரம்பியது. நீர் பின்வாங்கி உப்பு ஏறியபோது மடிந்த சிற்றுயிர்களில் பாட்டுலிசம் என்னும் பாக்டீரியா நஞ்சு பெருகியது. செத்த பறவையின் புழுக்களைத் தின்ற பறவையும் செத்தது. அமெரிக்காவின் பெரும் உப்பேரி 2022 நவம்பரில், அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து காணாத தாழ்மட்டத்துக்கு இறங்கியபோது, அங்கே அஞ்சியதும் ஆர்ட்டீமியாவும் உப்பு ஈக்களும் அழிந்து பறவைகள் பட்டினி கிடக்குமே என்றுதான். நடு ஆசியாவின் ஆரல் கடல் வற்றியது ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதால். காய்ந்த அடித்தளத்தின் உப்புப் புழுதி காற்றில் பறந்து வயல்களில் விழுகிறது.

வேதாரண்யத்துக்கு இவற்றில் இல்லாத ஒரு நெருக்கடியும் உண்டு. உள்நாட்டு உப்பேரிக்குக் கடல் மட்ட உயர்வால் நேரடிக் கெடுதல் இல்லை. இங்கே கடல் ஒரு மணல்மேட்டுக்கு அப்பால்தான் நிற்கிறது. மட்டம் உயர உயர, கடல்நீர் உள்ளே வரும் நாட்கள் கூடும். வடக்கே கடைமடை வயல்களின் நிலத்தடியிலும் உவர் ஏறும். சதுப்பு இயல்பாக உள்நோக்கி நகரலாம் என்றால் அங்கே வயலும் ஊரும் அளத்தின் கரைகளும் வழி மறித்து நிற்கின்றன. நன்னீர் வரத்தைக் கூட்டுவதும், அடைபட்ட கழிகளைத் திறந்து வைப்பதும், புதிய கரைகள் எழாமல் தடுப்பதுமே கைக்கு எட்டும் வழிகள். இவற்றில் வாய்க்கால் திறப்பது பலன் தரும் என்பதை முத்துப்பேட்டை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. நன்னீரோ மேட்டூரிலிருந்து டெல்டா முழுவதும் பாய்ந்து தீர்ந்தபின் மிஞ்சுவதையே நம்பியிருக்கிறது.